இரண்டு மாதம் அல்ல, ஒரே பக்ரீத்

ஆம்பூரில் ஆட்டுத்தோல் வாங்கி விற்றுக்கொண்டிருந்த நான், அனுப்பிய சரக்குக்குப் பணம் வராமல் நொடித்துப்போய் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தேன். வேலூர் கோர்ட் என்னைத் திவாலானவன் என்று அறிவித்தது. பிறகு ஒரு ஷூ கம்பெனி கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தேன். சம்பளத்தில் ஒரு பகுதியை மாதாமாதம் கோர்ட் நியமித்த ரிசீவரிடம் கட்ட வேண்டும். அவர் அதைக் கடன்காரர்கள் ஏழு பேருக்கும் பிரித்துக் கொடுப்பார். வருமானம் ஏறினாலும் இறங்கினாலும் எழுதித் தர வேண்டும்.

அந்த வருஷம் பக்ரீத் ஜூன் கடைசி வியாழக்கிழமை வந்தது. மறுநாளே தோல் மண்டி வைத்திருக்கும் பாய் ஆள் அனுப்பினார். வீடு வீடாக ஆடு அறுக்கிற சமயம். கைப்பழக்கம் இல்லாதவர்கள் உரிப்பதால் பாதித் தோலில் கத்தி வெட்டு இருக்கும். உப்புப் போடும்போதே தரம் பிரித்துவிட வேண்டும், அதற்குக் கைதேர்ந்த ஆள் வேண்டும். கம்பெனி விட்டதும் மண்டிக்குப் போய் இருட்டும்வரை நிற்பேன். இப்படிப் பதினோரு நாள்.

பாயும் என் கடன்காரர் பட்டியலில் ஒருவர். கூலி கொடுக்கிற அன்று, பாதியைக் கையில் வாங்கிக்கொள், மீதியைப் பழைய பாக்கியில் கழித்துக்கொள்ளலாம் என்றார். மற்ற ஆறு பேரை விட்டுவிட்டு அவருக்கு மட்டும் கொடுத்ததாகிவிடும் என்றேன். அவர் முகம் வாடியது. ஆனாலும் முழுக் கூலியையும் எண்ணிக் கொடுத்து, இத்தனை நாள், இவ்வளவு ரூபாய் என்று மண்டிச் சீட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

வீட்டில் மனைவிக்கு வேறு பயம். "ஒரு தடவை ஜாஸ்தி வந்ததைப் போய்ச் சொன்னீங்கன்னா, ஆயுசுக்கும் அதையே கட்டச் சொல்வாங்க. பேசாம இருங்க."

எனக்கும் அந்தப் பயம் உண்டு. மாதத் தொகை ஏறினால் மகளின் காலேஜ் பீஸ் நின்றுபோகும். மறைத்தது தெரிந்தாலோ, கடனிலிருந்து விடுதலையே கிடைக்காது. இரண்டையும் யோசித்துவிட்டு, கூலியை வேலை செய்த நாள்படி பிரித்து ஜூன், ஜூலை இரண்டு மாதக் கணக்கையும் எழுதிக்கொண்டு, ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமை வேலூருக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே நான் நினைத்துப் பார்க்காத சிக்கல் வந்தது. ரிசீவர் தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஜூன்லயும் ஏறியிருக்கு, ஜூலைலயும் ஏறியிருக்கு. தொடர்ந்து வர்ற வருமானம்தானே இது? தொகையை ஏத்திட வேண்டியதுதான்."

பண்டிகை மாதக் கடைசியில் வந்ததால் பதினோரு நாள் வேலை இரண்டு மாதத்திலும் விழுந்திருந்தது. தேதி விஷயத்தில் என்னைப் பிறர் கேலி செய்யும் அளவுக்குக் கறாரானவன் நான். ஆனால் இது எனக்குத் தோன்றவில்லை.

"ரெண்டு மாசம் இல்ல சார், ஒரே பக்ரீத்" என்றேன்.

பையிலிருந்து டைரியை எடுத்துக் காட்டினேன். பள்ளி நாளிலிருந்து தினமும் எழுதுகிற பழக்கம். ஜூன் கடைசி வெள்ளி, முதல் வண்டித் தோல் வந்தது. ஜூலை இரண்டாம் திங்கள், கடைசி வண்டி போனது, மண்டி கழுவியாயிற்று. அதற்கு மறுநாள் பக்கத்தில் மழை பெய்தது என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். மண்டிச் சீட்டையும் பக்கத்தில் வைத்தேன். அவர் சுவர்க் காலண்டரைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், பிறகு டைரியை இரண்டு பக்கம் பின்னால் புரட்டினார்.

"சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னு கூட எழுதி வெச்சிருக்கீங்களே" என்று சிரித்தார்.

கூலியில் ஒரு பங்கை ஒரு தடவை மட்டும் கட்ட வேண்டும், அடுத்த மாதம் முதல் பழைய தொகையே என்று குமாஸ்தாவிடம் எழுதச் சொன்னார். கட்டிவிட்டு ரசீதோடு வெளியே வந்தபோதுதான் காலையில் சாப்பிடாதது நினைவுக்கு வந்தது. இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போன் செய்தேன்.

"இன்னாச்சு?"

"பழைய தொகையேதான்."

"அப்ப அடுத்த வருஷமும் மண்டிக்குப் போவீங்களா?" என்று கேட்டாள்.

பஸ்ஸில் உட்கார்ந்து போனில் அடுத்த வருஷக் காலண்டரைத் தேடினேன். பக்ரீத் ஜூன் நடுவிலேயே வருகிறது. பதினோரு நாளும் ஒரே மாதத்துக்குள் அடங்கிவிடும்.