தபிதா டீச்சரின் மூன்று மார்க்

சித்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருடம் தபிதா டீச்சருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். அவர் தமிழ் மீடியத்துக்குக் கணக்கு, நான் தெலுங்கு மீடியத்துக்கு. என் வகுப்பில் பலகை முழுக்கச் சூத்திரம். அவர் வகுப்பில் சந்தைக்கடை இரைச்சல். ஒரு கணக்கைச் சொல்லிவிட்டு, "விடை எனக்குத் தெரியும். நீ எந்த வழியா போனேன்னு காட்டு" என்பார். விடை தப்பானாலும் யோசனைக்கு அரை மார்க் உண்டு. எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது.

அந்த வகுப்பில் முளைத்தவள் பாலசமுத்திரத்துச் சிவசங்கரி. எந்தக் கணக்கையும் கட்டம் போட்டுத்தான் பிடிப்பாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே இரட்டைக் கோடு இழுப்பாள். கூலி வேலைக்குப் போகிற வீடு. பத்தாவது தேறினால் மேலே படிக்கலாம், இல்லாவிட்டால் குடும்பத்தோடு பெங்களூரில் கட்டட வேலை என்று அவள் நைனா ஏழுமலை கறாராகச் சொல்லியிருந்தார்.

1999இல் பத்தாவது பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாம். தமிழ் மீடியம் கணக்குத் தாள் திருத்த எங்கள் பக்கத்தில் மூன்றே பேர். தாளில் பெயர் இருக்காது. ஆனாலும் சொந்தப் பிள்ளைகளின் கையெழுத்தே கைக்கு வந்து சேரும். சிலர் கண்டும் காணாமல் இரண்டு மார்க் கூட்டுவார்கள். டீச்சர் அந்த ரகமில்லை.

தாளில் ஒரு கணக்கு: அப்பாவின் வயது மகளின் வயதைப்போல மூன்று மடங்கு. பன்னிரண்டு வருடம் கழித்து இரண்டு மடங்கு. இப்போது யாருக்கு என்ன வயது? காலையில் யாரோ ஒரு பிள்ளை படம் போட்டே விடை கண்டிருந்தது. விடைக்குறிப்பு சமன்பாடு கேட்டும், டீச்சர் ஐந்துக்கு மூன்று போட்டார். மதியம் வேறொரு தாள். மகளுக்கு ஒரு கட்டம், அப்பாவுக்கு மூன்று கட்டம், கீழே இரட்டைக் கோடு. விடை சரி. டீச்சருக்கு முகம் வியர்த்துவிட்டது.

"இது என் கிளாஸ் பொண்ணு சார். மூணு போட்டா ஓரவஞ்சனை ஆயிடும்" என்று என்னிடம் முணுமுணுத்தார். பூஜ்யம் போட்டார்.

காலையில் போட்டீர்களே என்று நான் கேட்டிருக்கலாம். என் விடைத்தாள் கட்டைத் திருத்தி முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிற அவசரம் எனக்கு.

கணக்கில் சிவசங்கரி முப்பத்துமூன்று. தேற முப்பத்தைந்து வேண்டும். மறுதேர்வு எழுதவைக்க டீச்சர் பாலசமுத்திரத்துக்கு ஓடினார். வீடு பூட்டியிருந்தது.

அதற்குப் பிறகு அவர் பழைய தபிதா இல்லை. அரை மார்க் நின்றது. எந்தப் பிள்ளையாவது கட்டம் போட்டால் நோட்டை மூடிக் கொடுத்துவிடுவார். சர்ச்சில் பிரசங்கம் ஓடும்போது ஜன்னலின் கம்பிக் கட்டங்களை எண்ணிக்கொண்டிருப்பார். டீ குடிக்கும்போது திடீரென்று, "மூணு மார்க் சார்" என்பார்.

பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகத் தடா என்ற ஊருக்குப் போன டீச்சரை, செருப்புக் கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். சிவசங்கரி. கல்யாணமாகி அந்த ஊரில் இருந்தாள். தப்பை ஒப்புக்கொள்ள டீச்சர் வாயெடுப்பதற்குள் அவளே சிரித்தபடி சொன்னாள்:

"எனக்கு சமன்பாடும் தெரியும் டீச்சர். பேப்பர் உங்க கைக்குத்தான் வரும், உங்களுக்குப் படம்தான் புடிக்கும்னு போட்டுக்கினு வந்தேன். நீங்க பாத்தே நான் பாஸாவலன்னா, நான் மக்குதான்னு உட்டுட்டேன்."

பஸ் வந்துவிட்டது. டீச்சர் சொல்லவில்லை. அதன்பின் தடாவுக்கு இரண்டு முறை போயும் அவளைக் காணாமல் திரும்பினார். போன வருடம் இறந்தும் போனார்.

இதை எழுத என்னை யாரும் கேட்கவில்லை. சிவசங்கரி, உன் கண்ணில் எங்காவது இது படட்டும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன், நீ மக்கு இல்லையம்மா. மகளுக்குப் பன்னிரண்டு, அப்பாவுக்கு முப்பத்தாறு. உன் விடை சரி.