முதலில் அவருக்குத்தான் காட்ட வேண்டும்

எங்கள் வீட்டு கேட்டின் தாழ்ப்பாளை யாராவது தொட்டால் இப்போதும் நான் ஜன்னலருகே போய் யார் என்று பார்க்கிறேன். பால் போடுகிறவர் தொட்டாலும் அப்படித்தான். நடந்து மூன்று மாதமாகிறது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஆனாலும் அந்தச் சத்தம் போகவில்லை.

என் மகள் இளைஞர்களோடு வேலை செய்கிறாள். ஆவடியில் இரண்டு குடியிருப்புகளில், படிப்பை நிறுத்தியவர்களையும் வேலை தேடுகிறவர்களையும் மாலையில் கூட்டி உட்காரவைத்துப் பேசுவது, விண்ணப்பம் எழுத உதவுவது, ஒன்றாகச் சேர்ந்து ஏதாவது செய்யவைப்பது. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். ஒரு பாகத்தை அளந்து பார்த்து, சரியில்லை என்றால் சிவப்புத் தொட்டியில் போடுவது என் வேலை. அவளுடைய வேலையில் எதை அளப்பார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

இந்த வருடம் அவளைப் போன்ற பதினைந்து பேருக்குக் காட்டுப்பாக்கத்தில் ஒரு பயிற்சி நடந்தது. குப்பை, தண்ணீர், பஸ் வராத தெரு என்று தங்கள் ஊர்ச் சங்கதிகளைச் செல்போனிலேயே சின்னப் படமாக எடுத்து, அதை வைத்து அக்கம்பக்கத்தாரைப் பேசவைப்பது எப்படி என்று சொல்லித்தந்தார்கள். பிறகு இவர்கள் தங்கள் இளைஞர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். வீட்டுப்பாடத்துக்கு என் மனைவிதான் மாட்டினாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் முன்னால் போனை நீட்டினால், "மூஞ்ச எடுக்காதடி, நைட்டியில இருக்கேன்" என்று முந்தானை இல்லாத இடத்தில் முந்தானையைத் தேடினாள்.

"கை மட்டும் போதும்மா. கையப் பாத்தாலே ஆள் யாருன்னு தெரிஞ்சிடும்."

அந்தப் பயிற்சியில் ஒரு விதி உண்டு. படத்தில் யார் இருக்கிறாரோ, முதலில் அவருக்குத்தான் காட்ட வேண்டும். வேண்டாம் என்று அவர் சொன்ன பகுதியை வெட்டிவிட வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்களுக்கு. மகள் இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, இரண்டு கோடு போட்டிருந்தாள்.

அப்படியும் தவறு செய்தாள். பருத்திப்பட்டு ஏரிக்கு வரும் கால்வாயில் ஒரு டேங்கர் லாரி, வீடுகளில் உறிஞ்சி வந்த கழிவுநீரைத் திறந்துவிட்டதைக் காலையில் பார்த்து, படம் எடுத்துவிட்டாள். டிரைவரின் முகம், வண்டி எண், எல்லாம் தெளிவாக. அதைப் பயிற்சிக் குழுவின் வாட்ஸ்அப்பில், எப்படி இருக்கிறது என்று கேட்டுப் போட்டாள். யாரோ ஆர்வத்தில் ஸ்டேட்டஸில் வைத்தார்கள். ஒரே நாளில் ஊர் முழுக்கப் போய்விட்டது; எடுத்தது யார் என்பதும் கூடவே பரவியது. தப்பு செய்கிறவருக்கும் அந்த விதி உண்டு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிறு காலை அம்மாவும் மகளும் மாங்காடு கோயிலுக்குப் போயிருந்தார்கள். நான் தனியாக இருந்தேன். கேட் தாழ்ப்பாள் கடகடவென்று ஆடியது. காக்கிச் சட்டை, என் வயது இருக்கும்.

"சார், வீடியோ எடுத்த பொண்ணு ஊடு இதானே?"

நான் கேட்டைத் திறக்கவில்லை. உள்ளிருந்தே என்ன என்று கேட்டேன்.

"ஓனரு வண்டில ஏறாதன்ட்டாரு. அது போவட்டும். எம் பொண்ணு ரெண்டு நாளா இஸ்கூலுக்குப் போவல சார். உங்கப்பன் லாரி நாறுதுன்னு கூடப் படிக்கிறதுங்க சொல்லிகினு கீதுங்களாம். நான் இன்னா பண்ணட்டும்?"

பேசும்போதெல்லாம் தாழ்ப்பாளை ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் ஓர் அடி பின்வாங்கினேன். "அழிச்சிடச் சொல்றேன். இனிமே அவ அந்த வேலைக்கே போக மாட்டா" என்று சொல்லிவிட்டேன்.

அவர் ஆட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "வேலைக்குப் போவ வேணாம்னு நான் சொல்லல சார். சாய்ந்தரம் வரேன்."

மகள் வந்ததும் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்தது. "என் வேலைய விடறேன்னு சொல்ல நீங்க யாருப்பா? அவர் கைய ஓங்கினாரா?"

"இல்ல. கேட்ட ஆட்டினார்."

"கேட்டத்தானே ஆட்டினாரு, உங்களையா ஆட்டினாரு?" என்றாள் மனைவி. ஆனால் குங்குமப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடியே போய், கேட் சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

பள்ளிக்குப் போகாத பெண்ணைப் பற்றிச் சொன்னபோதுதான் மகள் அடங்கினாள். நோட்டை எடுத்து முதல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒவ்வொருவருக்காகப் போன் செய்து ஸ்டேட்டஸை எடுக்கச் சொன்னாள். "அவர் வந்தா கேட்டைத் திறங்கப்பா. அவருக்குப் படத்தைக் காட்டணும்."

சாயந்தரம் அவர் வந்தபோது நான்தான் திறந்தேன். அவர் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து போனைப் பார்த்தார்.

"உங்களக் கேக்காம அனுப்பிட்டேண்ணா. தப்புதான்."

"நான் கொட்னதும் தப்புதாம்மா. தெரியாமயா கொட்னேன்? மூஞ்சியும் நம்பரும் வேணாம்."

அவர் கண் முன்னாலேயே வெட்டினாள். குழாயும், கறுத்த தண்ணீரும், குழாயைப் பிடித்திருந்த கையும் மட்டும் மிஞ்சின. கையையும் எடுக்கவா என்று கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தார்.

"கை இருக்கட்டும். ஆனா இத்த மட்டும் காட்னா போதுமா? ஒழுங்கா கொட்ற எடத்துக்குப் போய் வர எவ்ளோ நேரம் ஆவுது, அதுக்குள்ள ஓனரு எத்தினி டிரிப்பு கேக்குறாரு, இதெல்லாம் யாரு காட்றது?"

"நீங்க சொல்லுங்க, நான் எடுக்கறேன். கை மட்டும்."

"கைய மட்டும் எடுத்தா எப்டிம்மா பேசும்?" என்று சிரித்தார். மனைவி உள்ளே போய் காபி கொண்டுவந்தாள். அவர் பேசப் பேச மகள் எடுத்த படத்தில், காபி டம்ளரைப் பிடித்த அந்தக் கைகள்தான் முதலில் வருகின்றன.

அடுத்த வாரம் மகள் என்னையும் போன் முன்னால் உட்காரவைத்துப் பேசவைத்தாள். பயத்தில் கேட்டருகே நான் சொன்னதை அப்படியே சொன்னேன். கடைசியில், "இப்பவும் அதுதான் என் எண்ணம், அவ அந்த வேலைக்குப் போக வேணாம்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

டிரைவர் சரி சொன்ன பகுதியைப் பருத்திப்பட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் திரையிட்டார்கள். நான் கடைசி வரிசையில், வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். சண்டை வரும் என்று நினைத்தேன். படம் முடிந்ததும் ஓர் அம்மா எழுந்து, "லாரில போறது நம்ம ஊட்டுத் தண்ணிதானே?" என்றார். அப்புறம் எல்லோரும் சேர்ந்து பேசினார்கள். இனி லாரியைக் கூப்பிடும்போது எங்கே கொட்டுவாய் என்று கேட்பது, அவசரப்படுத்தாமல் முந்தின நாளே சொல்வது, முறையாகக் கொட்டுகிறவரை மட்டும் கூப்பிடுவது என்று முடிவானது. எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது. டிரைவர் இப்போது வேறொருவரிடம் லாரி ஓட்டுகிறார். அவருடைய மகள் அன்று முன்வரிசையில் அப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். மறுநாளிலிருந்து பள்ளிக்குப் போகிறாளாம்.

போன வாரம் மகள் போனை என்னிடம் நீட்டினாள். ஆவடியில் அவள் நடத்தப்போகும் முதல் வகுப்புக்காக, நான் பேசியதைச் சேர்த்திருந்தாள்.

"நீங்க இருக்கீங்களே. முதல்ல உங்களுக்குத்தான் காட்டணும்."

பார்த்தேன். நெற்றி வியர்த்த ஒரு ஆள், கேட்டையே பார்த்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். இன்னும் அவர்தான் நான்.

"எதையாவது எடுக்கணுமாப்பா?"

"கடைசி வரிய எடுத்துடு" என்றேன்.

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். என் கண் முன்னாலேயே வெட்டினாள்.