ஆர்விட் சொன்ன நல்ல வார்த்தை

ஆர்விட் டாலெஃப்சன் பேஸ்பாலின் பெரிய லீக்கில் பந்து வீசியது மூன்றே வாரம். அதற்காக அதுவரை சின்னச் சின்ன ஊர் அணிகளில் ஒன்பது வருஷம் தோளைத் தேய்த்திருந்தான். பஸ்ஸிலேயே பாதி ஆயுசு போயிருந்தது.

அவன் வந்த அதே வாரம் பெட்ராக்கும் வந்து சேர்ந்தான். இருபது வயது. மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை, ஆனால் கையை விட்டுப் போன பந்து கண்ணுக்குத் தெரியாது. இருவரில் ஒருவனுக்குத்தான் இடம் என்று மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார். பயலைப் பார்த்தாலே ஆர்விட்டுக்கு வயிறு எரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஒன்பது சுற்றில் ஏழு முடிந்தும் பெட்ராக்கின் பந்தை எதிரணியில் ஒருவனாலும் அடித்து ஓட முடியவில்லை. ஒரு ஆட்டம் முழுக்க இப்படிப் போவது அபூர்வம். அந்த நேரத்தில் வீசுகிறவனிடம் யாரும் பேசக் கூடாது. பேசினால் ராசி கெட்டு ஆட்டம் விளங்காமல் போய்விடும் என்பது ஆட்டக்காரர்களின் நம்பிக்கை. அதனால் பெஞ்சில் அவனைத் தனியாக விட்டு எல்லோரும் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள்.

ஆர்விட் எழுந்து போய் அவனை ஒட்டி உட்கார்ந்தான்.

"என்ன தம்பி, இன்னைக்கு ஒருத்தனாலயும் உன் பந்தை அடிக்க முடியலையே. இன்னும் ரெண்டே சுத்து. கெடுத்துக்காம இருந்தா சரி."

பெட்ராக் திரும்பினான். அவன் கண் கலங்கியிருந்தது.

"நீங்களாச்சும் பேசினீங்களேண்ணே. எழவு வீட்டுல உக்கார வெச்ச மாதிரி வெச்சிருக்கானுங்க. பயந்தே செத்திருப்பேன்."

எழுந்து மைதானத்துக்குப் போனான், சுற்றுக்கு மூன்று பேராக மீதி ஆறு பேரையும் வந்த வழியே அனுப்பினான். கூட்டம் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டது.

மறுநாள் ஆர்விட்டின் பை வாசலில் கிடந்தது.

"ஜெயிச்சாச்சு, சரி," என்றார் மேனேஜர். "ஆனா நேத்து நீ போய் அவன்கிட்டப் பேசினதுக்கப்புறம் உன் பக்கத்துல உக்கார இங்க ஒருத்தனும் தயாரா இல்லப்பா. ஊருக்குக் கிளம்பு."

சொந்த மாநிலமான வடக்கு டகோட்டாவுக்குத் திரும்பி ஆர்விட் இரும்புக்கடை வைத்தான். பெட்ராக்கோ பல வருஷம் ஆடினான். எந்த ரேடியோப் பேட்டியானாலும், "ஆர்விட் அண்ணன் மட்டும் அன்னைக்குத் தைரியம் சொல்லலேன்னா நான் இல்ல" என்பான். ஆணி வாங்க வருகிறவர்கள், "அந்த நல்ல மனுஷன் நீங்கதானா?" என்று கை குலுக்குவார்கள். ஆர்விட் வீசிய பந்தைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

கிறிஸ்துமஸ் தவறாமல் பெட்ராக்கிடமிருந்து ஒரு முழுப் பன்றித்தொடை வரும்.

"எவ்வளவு நன்றி பாருங்க அந்தப் பையனுக்கு," என்பாள் மனைவி லவோன். "நீங்களும் இருக்கீங்களே, செஞ்ச நல்லதை வாய் திறந்து சொல்றதே இல்ல."

ஆர்விட் முதல் துண்டை வெட்டி நாய்க்குப் போடுவான்.