கைராசிக்காரி

சுவிசின் பாசல் நகரில், ட்ராம் திரும்பும் வளைவில் ஒரு கியோஸ்க் இருக்கிறது. பத்திரிகை, சிகரெட், லொத்தர், அதோடு கால்பந்து அட்டைப் பாக்கெட்டுகளும் விற்கும். அங்கே பதினான்கு வருடமாக நிற்பவள் ஜெயந்தி. வயது ஐம்பத்திரண்டு, ஊர் சாவகச்சேரிப் பக்கம். கலியாணம் முடித்துப் பதினோராம் மாதம் ஷெல் விழுந்து புருஷன் போய்ச் சேர்ந்தான். பிள்ளைகுட்டி இல்லை.

அதற்குப் பிறகு எந்த நல்ல காரியத்திலும் அவள் தட்டைத் தொட்டதில்லை. தொடாதே என்று யாரும் சொன்னதுமில்லை. எங்கள் சனம் அவ்வளவு பொல்லாத சனமா என்ன? "நீ இரு பிள்ளை, நான் கொண்டுபோறன்" என்று சிரித்த முகத்தோடு தட்டை வாங்கிக்கொள்வார்கள். சுவிசுக்கு வந்தும் அதே கதைதான். மண்டபத்தில் அவளுடைய இடம் கடைசி வரிசை, கதவோரம். சமையல்கட்டில் வெங்காயம் வெட்டுவதற்கு மட்டும் அந்தக் கைக்கு ஒரு தோஷமும் கிடையாது.

அந்தக் கைக்கு ராசி வந்தது போன வருடம் சித்திரையில். ரெஸ்டோரண்டில் சமையல் வேலை செய்யும் மட்டக்களப்புக்காரர் குணசேகரம் ஓர் அட்டைப் பைத்தியம். நாற்பது வயது மனிதன், சின்னப்பிள்ளை மாதிரி கிழமைக்கு இரண்டு பாக்கெட் வாங்குவார். ஒட்டிய பாக்கெட்டுக்குள் எட்டு அட்டை. எப்போதாவது ஒன்றில், ஆட்டக்காரன் போட்ட சட்டையில் ஒரு துண்டு வெட்டிப் பதித்த தடித்த அட்டை இருக்கும். கிடைத்தவனுக்கு யோகம். அன்று குணசேகரம், தான் எடுத்தால் ஒன்றும் வருவதில்லை, அக்காவின் கையால் ஒன்று தாருங்கள் என்று கேட்டார். அவளும் ஏனோதானோவென்று ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தால் சட்டைத் துண்டு. அடுத்த கிழமையும் அப்படியே.

பிறகென்ன, கதை பரவிவிட்டது. ட்ராம் ஓட்டுகிறவர்களும் மருந்துக் கம்பனிக்காரர்களும் வரிசையில் நின்று, நீங்களே எடுங்கள் ஃபிராவ் ஜெயந்தி என்று மரியாதையாகக் கேட்டார்கள். எல்லாருக்குமா கிடைத்தது? இல்லை. கிடைத்ததைத்தான் சனம் பேசும். ஜெயந்தி உள்ளுக்குள் பூரித்துப்போனாள். பாக்கெட் எடுக்குமுன் கையைத் துடைத்துக்கொள்வாள். அந்தக் கையை அவளே அடிக்கடி திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பாவி மனுஷி.

ஜெயந்தியின் அக்கா புனிதவதியின் மகள் மதுஜாவுக்குக் கார்த்திகையில் கலியாணம் வைத்தார்கள். இங்கே பிறந்த பிள்ளை, வங்கியில் வேலை. அவள் ஒருநாள் கியோஸ்க்குக்கே வந்து சொன்னாள்.

"சின்னம்மா, நீங்கள்தான் எனக்கு ஆராத்தி எடுக்கவேணும்."

ஆராத்தி எடுப்பவர்கள் சுமங்கலிகள். அது மதுஜாவுக்கும் தெரியும். அம்மாவோடு சண்டை பிடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். பழைய ஜெயந்தி என்றால் அந்த இடத்திலேயே மறுத்திருப்பாள். இந்தக் கோடையில் ஊரே தேடி வந்த கையல்லவா? ஓம் என்றுவிட்டாள். சேலைகூட எடுத்துவிட்டாள், அரக்குச் சிவப்பில்.

ஆவணியில் எல்லாம் திரும்பியது. பெட்டி உடைத்து அட்டைகளை அடுக்கும் வேலையை, உனக்கு ஏன் இந்தக் கஷ்டம் என்று முதலாளி லூத்தி தானே எடுத்துக்கொண்டார். நல்ல மனிதன் என்று அவள் நினைத்தாள். அந்தக் கிழமையிலிருந்து அவள் எடுத்துக் கொடுத்த எதிலும் ஒன்றுமில்லை. புரட்டாசியிலும் இல்லை. ஐப்பசியில் வரிசை கரைந்தது. குணசேகரமும் மரியாதையாகத் தானே ஒரு பாக்கெட்டை எடுக்கத் தொடங்கினார். அவள் முகத்தைப் பார்க்காமல் காசை வைத்துவிட்டுப் போவார்.

வேறு யாராவது என்றால் கம்பனியைத் திட்டியிருப்பார்கள். ஜெயந்திக்கு அது தோன்றவே இல்லை. கை பழையபடி ஆகிவிட்டது என்று பயந்தாள். தன்னுடைய கை பட்டு மதுஜாவுக்கு ஏதும் வந்தால்? பதினோரு மாதம் என்ற கணக்கு மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கலியாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது மதுஜாவுக்குப் போன் எடுத்து, நாரிப்பிடிப்பு, இடுப்பு நிமிர்கிறதில்லை, தட்டுப் பிடித்து நிற்க ஏலாது என்று சொல்லிவிட்டாள். மதுஜாவுக்குப் பின்னால் அவளுடைய அம்மா நிம்மதியாக மூச்சுவிட்டது போனில் கேட்டது.

கலியாணத்தன்று கடைசி வரிசையில், சாம்பல் நிறச் சேலையில் இருந்தாள். ஆராத்தி எடுத்த இரண்டு பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட மதுஜாவுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலை சிகரெட் பெட்டி எடுக்க ஜெயந்தி பின்னறைக்குப் போனாள். லூத்தி மேசையில் இருந்தார். முன்னால் நகைக்கடையில் இருப்பதுபோல ஒரு சின்னத் தராசு. புதுப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு பாக்கெட்டாக அதில் வைத்துப் பார்த்தார். பாரமானது தன்னுடைய பைக்குள், இலேசானது கடைத் தட்டுக்கு. அவளைக் கண்டு திடுக்கிட்டாரா என்றால் அதுவுமில்லை. தடித்த அட்டை உள்ள பாக்கெட் இரண்டு கிராம் பாரம் கூட, பிரிக்காமலே கண்டுபிடிக்கலாம், இணையத்தில் நல்ல விலை என்று விளக்கினார். ஆவணியிலிருந்து செய்கிறாராம். உனக்கு இவ்வளவு வந்ததைப் பார்த்துத்தான் எனக்கே இந்த யோசனை வந்தது என்று சிரித்தார்.

ஜெயந்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது, அதுவும் தன்மேலேயே. இனி அந்தப் பாக்கெட்டை என் கையால் விற்கமாட்டேன் என்றாள். அப்படியென்றால் மாத முடிவோடு வேறு ஆள் பார்க்கிறேன் என்றார் லூத்தி.

குணசேகரம் வழக்கம்போல வந்து தட்டில் கை வைத்தார்.

"எடுக்காதேங்கோ. பாரமானதெல்லாத்தையும் முதலாளி உள்ளுக்க தராசில நிறுத்து எடுத்துப்போட்டார். ஆவணியில இருந்து."

குணசேகரம் கையை எடுத்துக்கொண்டார். தலையைக் குனிந்தபடி சொன்னார்.

"நான் உங்கட கையைப் பிழையா நினைச்சிட்டன் அக்கா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"நானும்தான்" என்றாள் ஜெயந்தி.

மத்தியானம் மதுஜாவின் போன் வந்தது. படங்கள் அனுப்பியிருக்கிறாளாம். ஆராத்திப் படத்தைப் பார்க்கும்போது மட்டும் கவலையாக இருக்கிறதாம். நாரி எப்படி என்று கேட்டாள்.

சொல்லிவிடலாம் என்று ஜெயந்தி வாயைத் திறந்தாள். சொல்லி என்ன, முடிந்த கலியாணத்துக்குத் திரும்ப ஆராத்தி எடுப்பார்களா?

"இப்ப சுகம், பிள்ளை" என்றாள்.