பச்சை மூடி

காத்தக்கா என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள். நெடுஞ்சாலை பிரியும் இடத்திலிருந்த டயர் கடைக்கு மருமகளாக வந்தபோது அவருக்குச் சைக்கிளுக்குக் காற்றடிக்கக்கூடத் தெரியாது. கணவர் பஞ்சர் ஒட்டுவார், டயர் மாற்றுவார், வருகிறவர்களிடம் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். பேச்சை அக்கா எடுத்துக்கொண்டார். பிறகு காற்றையும் எடுத்துக்கொண்டார். காற்று பிடித்து முடித்ததும் விரலில் எச்சில் தொட்டு வால்வின் வாயில் வைத்து, குமிழி கிளம்புகிறதா என்று பார்த்த பிறகே மூடியைத் திருகுவார். முகம் சுளித்தவர்கள் உண்டு. அக்கா விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு அடுத்த சக்கரத்துக்குப் போய்விடுவார்.

சாதாக் காற்றுக்குப் பதிலாக டயரில் நைட்ரஜன் அடிக்கிற மெஷினை வாங்கியது அவர் முடிவு. அதை விற்றதும் அவர் வாய்தான். நைட்ரஜன் கொஞ்சம் மெதுவாக இறங்கும், அதில் ஈரம் இருக்காது. இவ்வளவும் உண்மை. ஆனால் விற்கிற வாய் உண்மையோடு நிற்பதில்லை, ஒரு எட்டு தாண்டி வைத்துவிடும். மாதக்கணக்கில் டயரைத் தொட வேண்டாம் என்றார் அக்கா. சாதாக் காற்றைக் கலந்தால் எல்லாம் பாழ் என்றார். அடையாளத்துக்குக் கறுப்பு மூடியைக் கழற்றிவிட்டுப் பச்சை மூடி போட்டுக் கொடுத்தார். கொஞ்ச நாளில் பச்சை மூடி ஒரு அந்தஸ்தாகவே ஆகிவிட்டது.

அதை முழுக்க நம்பியவர் அவருடைய அண்ணன். வாடகைக் கார் ஓட்டுகிறவர். முன்பெல்லாம் காலையில் வண்டியெடுக்கும் முன் நாலு டயரையும் பார்ப்பார். பச்சை மூடி வந்த பிறகு மூடியை மட்டும் துடைத்தார்.

ஒரு நாள் காலை அண்ணன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். பின்சீட்டில் நிறைமாதக் கர்ப்பிணியான மகள். மலைப்பாதைக்கு அப்பாலிருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் அன்றைக்கே சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்றார் அண்ணன். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல அக்கா புறங்கையை ஒவ்வொரு டயரிலும் வைத்துப் பார்த்தார். பின்சக்கரம் ஒன்று சுட்டது. காற்றழுத்தம் காட்டும் கேஜை வைத்தபோது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் காற்றிருந்தது. மற்ற மூன்றும் குறைவுதான். ஆணி ஏதும் இல்லை, வால்விலும் கசிவில்லை. பார்க்காமல் விட்டதில் இறங்கியிருந்தது, அவ்வளவுதான்.

நைட்ரஜன் மெஷினோ பழுதாகி, உதிரிபாகத்துக்காகக் காத்துக் கிடந்தது. அக்கா சாதாக் காற்றுக் குழாயை இழுத்தார். அண்ணன் குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

"கலந்தா பாழ்னு நீதானே சொன்னே? மலைக்கு அந்தப் பக்கம் நைட்ரஜன் கடை இருக்கு. அதுவரைக்கும் மெதுவா போயிடுறேன்."

"இந்த டயரோட மலையேறுவியா?"

"மெதுவான்னு சொன்னேன்ல."

பக்கத்தில் ஸ்கூல் வேன் டிரைவர் தன் முறைக்காகக் காத்திருந்தார். அவர் வண்டியிலும் பச்சை மூடிதான். அக்கா அண்ணனைத் தனியே கூப்பிட்டு, காதோடு காதாகச் சொல்லியிருக்கலாம். கடைக்கு அது நல்லது. ஆனால் காதோடு சொல்லும் எதையும் அண்ணன் நம்புகிற ஆளில்லை. அக்கா நின்ற இடத்திலேயே, எப்போதும் பேசும் குரலில் சொன்னார்.

"அண்ணா, நீ இப்போ இழுக்கிற மூச்சே முக்காலுக்கு மேல நைட்ரஜன்தான். இந்தக் குழாயில வர்றதும் அதே காத்துதான். கலந்தா ஒண்ணும் ஆகாது. கலக்கக் கூடாதுன்னு நான் சொன்னது தப்பு."

உள்ளே கணவரின் ஸ்பேனர் சத்தம் நின்றது.

"அப்போ எங்களுக்கு எதுக்குக்கா பச்சை மூடி?" என்றார் வேன் டிரைவர்.

"கொஞ்சம் மெதுவா இறங்கும், அதுக்குத்தான். பார்க்காம விட்டா பச்சையும் இறங்கும். இதோ இறங்கியிருக்கு பாருங்க."

அண்ணனுக்கு இன்னும் ஒரு முள் உறுத்தியது. பச்சை மூடிக்குள் சாதாக் காற்று இருந்தால் அது பொய்யில்லையா என்று கேட்டார். பின்சீட்டிலிருந்து மகள், "அப்பா, மூடியைப் பத்தி அப்புறம் பேசலாம். அத்தை, நீங்க அடிங்க" என்றாள்.

இருந்தாலும் அந்தக் கேள்வியை அக்கா மதித்தார். நாலு பச்சை மூடியையும் கழற்றி அண்ணன் கையில் கொடுத்தார். சூடான டயரை மட்டும் இறக்கி, உள்ளே வெளியே தடவிப் பார்த்துத் திரும்ப மாட்டும்படி கணவரிடம் சொன்னார். நாலிலும் காற்றை நிரப்பி, எச்சில் வைத்துப் பார்த்து, கறுப்பு மூடிகளைத் திருகினார். அண்ணன் வண்டியை எடுத்தார். கார் இழுக்காமல் நேராகப் போனது.

அடுத்து வேன். டிரைவர் நைட்ரஜன் கேட்கவில்லை, கேஜ் வைத்துப் பார்க்கச் சொன்னார். அதிலும் ஒன்று குறைந்திருந்தது.

"இனிமே அந்த மெஷின்ல துணி காயப்போடலாம்" என்றார் கணவர்.

"போடு. சரியாகிற வரைக்கும் அதுக்கும் ஒரு வேலை வேணுமே" என்றார் அக்கா. மெஷினை அவர் விற்கவில்லை. பழுது சரியான பிறகும் பச்சை மூடி கேட்டவர்களுக்குப் போட்டுக் கொடுத்தார். மாதம் ஒருமுறை வந்து பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டால்தான் கொடுத்தார்.

மறுநாள் காலை அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"டயர் நாலும் பார்த்துட்டேன், சரியா இருக்கு. பேத்தி பொறந்திருக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

"இதைத்தானே முதல்ல சொல்லணும்?"

"வரிசையா சொல்றேன். டயரைப் பார்த்துட்டுத்தானே மேல வார்டுக்கு வந்தேன்."

அந்தப் பச்சை மூடிகளை என்ன செய்தாய் என்று அக்கா கேட்டார். சட்டைப் பாக்கெட்டிலேயே இருப்பதாகவும், தூக்கிப் போட மனசு வரவில்லை என்றும் சொன்னார் அண்ணன்.