வண்டு துன்ன கோடு

தாட்சாயணிக்கு எரிச்சலூட்டும் கேள்வி ஒன்று இருந்தது. "இது இன்னாது?"

மாட்டுக்கொட்டகையின் பின்சுவரில் அவள் கரித்துண்டால் இழுத்து வைத்த கோடுகளைப் பார்த்து வருகிறவர், போகிறவர் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். கோலம் என்று சொல்ல முடியாது. புள்ளி கிடையாது, நாலு பக்கமும் ஒரே மாதிரி வராது. சாமி படமும் இல்லை. ஒரே கோடு, வளைந்து நெளிந்து, தன் மேலேயே ஏறாமல், சுவர் முடிகிற வரைக்கும் போகும். பக்கத்து வீட்டில் யாரோ அதைச் செய்வினை என்று சொல்லிவிட, மாமியார் வெங்கடம்மா சாணியைக் கரைத்துச் சுவர் முழுக்க அடித்துவிட்டாள்.

"ஏண்டி, அது இன்னாதுன்னாச்சும் சொல்லித் தொலையேன்."

"ஒண்ணியும் இல்லத்தை. சும்மா இழுத்தேன்."

"சும்மா எவளாச்சும் கரியைப் பூசிக்கினு நிப்பாளா?"

நிற்பாள், இவள் நின்றாள். கை மெதுவாகக் கோட்டோடு போகும்போது தலைக்குள் இருக்கிற இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். அதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. குடிபாலாவில் பிறந்த வீட்டில் ஆடு மேய்த்த காலத்திலிருந்தே குச்சியால் மண்ணில் கீறிக்கொண்டிருப்பவள்தான். அங்கே தொல்லையில்லை. ஆடுகள் எதுவும் கேட்காது.

கல்யாணமாகி வந்தது நகரியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு ஊர். புருஷன் நாராயணசாமி கிணறும் நிலமுமாக இருந்தான். அவன் தம்பி கோவர்த்தனன் நகரியில் தமிழ் வாத்தியார். நல்ல மனுஷர்கள்தான். ஆந்திரா தனியாகப் பிரிந்து சித்தூர் ஜில்லா அந்தப் பக்கம் போனதிலிருந்துதான் வீடு வீடாக இல்லை. எல்லையை மறுபடி பார்த்து முடிவு செய்வார்கள் என்று பேச்சு கிளம்பியதும், நம் ஊரெல்லாம் மதராஸோடு சேர வேண்டும் என்று கோவர்த்தனன் கூட்டம் போட ஆரம்பித்தான். நாராயணசாமிக்கு அது பிடிக்கவில்லை. ஏரி மதகுக்கு அவன் வருஷக்கணக்காகச் சித்தூருக்கு அலைந்து, இப்போதுதான் ஆபீசில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். மறுபடி வேறொரு சர்க்காரிடம் முதலிலிருந்து யார் நிற்பது?

ஒரு நாள் சாப்பிடும்போது தம்பி, "ஒரு மதகுக்குப் பாஷையை வித்துட்டே" என்றான். அண்ணன் தட்டைத் தூக்கி முற்றத்தில் எறிந்தான். அன்றோடு இரண்டு பேரும் பேசுவதை நிறுத்தினார்கள்.

நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. தாட்சாயணி வழியாகப் பேச ஆரம்பித்தார்கள்.

"அண்ணி, நாளைக்குக் கெணத்துல கவலை மாடு ஓட்ட என்னால வரமுடியாது, கூட்டம் இருக்குதுன்னு அவருகிட்ட சொல்லிடுங்க."

அந்த 'அவர்' கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து மோர் ஊற்றிக்கொண்டிருப்பார்.

"கூட்டம் வந்து பயிருக்குத் தண்ணி எறைக்குமான்னு கேளு அவனை."

"ன்னாங்க, அவருக்குக் காது கேக்குதுங்க."

"நீ கேளு."

அவள் கேட்பாள். அவன் பதில் சொல்வான். அவள் அதைத் திருப்பிச் சொல்வாள். கையில் கரண்டியோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி, ராத்திரி படுக்கும்போது கழுத்து வலிக்கும். இது போதாதென்று தம்பியைப் பார்க்க மதராஸ்காரர்கள் வருவார்கள், அண்ணனைப் பார்க்க ஆந்திராக்காரர்கள் வருவார்கள். மாநிலம் எதுவானாலும் காப்பி ஒன்றுதான். அதை யார் போடுகிறார்கள் என்று ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

அப்படி ஒரு நாள், உலை கொதித்துக்கொண்டிருக்கும்போது வேலமரக் கட்டையொன்றை அடுப்புக்கு இழுத்தாள். கட்டை காய்ந்து வருஷமாகியிருந்தது. கை பட்டதும் பட்டை முழுசாகப் பெயர்ந்து வந்துவிட்டது. உள்ளே பார்த்தால், கட்டை மேல் முழுக்க வண்டு தின்ற தடம். தானியம் நுழையும் அகலத்தில் சின்னச் சின்னச் சந்துகள். ஒன்று வளைந்து போகிறது, இன்னொன்று அதன் பக்கத்திலேயே வருகிறது, முட்டப்போகிறது என்று நினைக்கும்போது விலகிக்கொள்கிறது. எங்கேயும் ஒன்றை ஒன்று வெட்டவில்லை. தாட்சாயணி விரல் நகத்தை அந்தச் சந்தில் வைத்து மெதுவாக ஓட்டினாள். எத்தனை நேரம் ஓட்டினாளோ தெரியாது.

"சோறு தீயுதுடி!"

அன்றைக்கு வீடு முழுக்கத் தீய்ந்த சோறு தின்றது. அது அண்ணன் கட்சிக்காரர்களுக்குக் காப்பி போட்டதால் ஆனது என்று தம்பியும், தம்பி கட்சிக்காரர்களால் ஆனது என்று அண்ணனும் அவள் மூலமாகவே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

அந்தக் கட்டையை அவள் எரிக்கவில்லை. கொட்டகை மூலையில் வைத்து, பார்த்துப் பார்த்துச் சுவரில் இழுத்தாள். கோடையில் ஏரி வற்றியதும், சாணி பொறுக்கப் போன இடத்தில் சேறு வெடித்துக் கிடந்ததைப் பார்த்தாள். அதையும் மனசில் வாங்கி வந்தாள். வெடிப்பு முறுக்கிக்கொண்டு கோணல் கோணலாகப் போகும், வண்டுத் தடம் உருண்டு உருண்டு போகும். இரண்டையும் கலந்து இழுத்தால் கை நிற்கவே மாட்டேன் என்றது. ஐப்பசி மழை வந்து பாதியைக் கழுவிற்று. மீதியைப் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்து வெங்கடம்மா மூடினாள்.

"இனிமே சுவத்தை தொட்டே, கையை ஒடச்சிடுவேன்."

சரி, சுவர் வேண்டாம். பழம்புடவைகளை நாலைந்து மடிப்பாக அடுக்கித் தைக்கிற போர்வையை அந்தப் பக்கத்தில் தெலுங்கைப் பிடித்துக்கொண்டு 'பொந்த' என்பார்கள். வருஷத்துக்கு ஒன்று தைத்தே ஆகவேண்டும். பொந்த தைக்கிறவளை யாரும் சும்மா இருக்கிறாள் என்று சொல்ல முடியாதே. தாட்சாயணி நைந்த புடவைகளை எடுத்தாள், நகரித் தறிக்காரர் வீட்டில் அறுந்துபோன சிவப்புச் சாயநூலைக் கேட்டு வாங்கினாள், ஓட்டுத்தையல் போட ஆரம்பித்தாள்.

மாமியார் தைத்தால் ஏர் உழுத சால் மாதிரி இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நேர்க்கோடு போகும். தாட்சாயணியின் ஊசி அப்படிப் போகவில்லை.

"நேரா ஓட்டுடி ஊசியை! துணி ஒண்ணோட ஒண்ணு புடிக்கணுமா வேணாமா?"

"புடிக்குதத்தை. இழுத்துப் பாரு."

வெங்கடம்மா இழுத்துப் பார்த்தாள். பிடித்துத்தான் இருந்தது. அதனால் இன்னும் கோபம் வந்தது.

மத்தியான வேலை முடிந்து கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் தைத்து, பொந்த முடிய மாசி ஆகிவிட்டது. துவைத்து வேலியில் உலர்த்தினாள். அங்கேதான் வினை.

கோவர்த்தனனும் அவன் சேக்காளிகளும் வேலியோரம் வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். ஒருவன் சிவப்புக் கோட்டில் விரலை வைத்து, "இதோ பாரு, இது ஆறு. இந்தப் பச்சைத் துண்டு திருத்தணி. இது புத்தூர். கோடு எப்படிச் சுத்திக்கினு போவுது பாத்தியா? எல்லைடா இது!" என்றான்.

"அண்ணி! எல்லையவே தச்சிருக்கீங்களே! எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"எல்லையும் இல்ல, கொல்லையும் இல்ல. கையை எடு, ஈரம்."

சாயங்காலம் நாராயணசாமியின் ஆட்கள் அதே வேலியில் நின்று, அதே கோட்டைப் பார்த்து, நகரி ஆந்திரா பக்கம் இருப்பதாகக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டார்கள். நாராயணசாமி பெருமையாக, "நம்ம வூட்டுப் பொம்பளைக்கே தெரியுது" என்றான். இரண்டு கூட்டத்துக்கும் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒருத்தனும் கேட்பதாக இல்லை.

மறுநாள் வேலியில் பொந்த இல்லை. கொட்டகையில் தேடினாள், பரணில் தேடினாள். கிணற்றடிக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்த எதிர்வீட்டுச் செல்லியம்மாதான் சொன்னாள். "உன் பொந்தயா? நகரிச் சந்தை மைதானத்துல மேடை போட்டுக் கட்டிவச்சிருக்கறாங்களே, இன்னிக்குக் கூட்டமாம். உன் கொழுந்தன்தான் தோள்ல போட்டுக்கினு போனாரு."

தாட்சாயணி ராகி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையைக்கூட ஒழுங்காகக் கழுவவில்லை. அப்படியே நகரிக்கு நடந்தாள். வழியெல்லாம் வாய்க்குள் திட்டிக்கொண்டே போனாள். கொழுந்தனை, புருஷனை, எந்தக் கோட்டைப் பார்த்தாலும் எல்லை என்கிற ஊரை, பட்டையோடு பெயர்ந்து வந்த அந்தக் கட்டையைக்கூட.

மைதானத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. மேடைக்குப் பின்னால் அவள் பொந்த, நாலு முனையிலும் ஆணி அடித்து. ஆணி! வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் ஒருவர் கைத்தடியால் சிவப்புக் கோட்டைத் தொட்டுக் காட்டி முழங்கிக்கொண்டிருந்தார். "ஒரு தமிழ்த்தாய், பெருமக்களே, கண்ணீரில் நனைத்து நனைத்துத் தைத்த எல்லை இது!"

கண்ணீரா? தாட்சாயணி கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் மேடையேறினாள். பேச்சாளரைத் தாண்டி முதல் ஆணியைப் பிடுங்கினாள்.

கோவர்த்தனன் ஓடி வந்தான். "அண்ணி, இன்னா பண்றீங்க? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். யாரைக் கேட்டு எடுத்தே?"

பேச்சாளர் கைகூப்பினார். "அம்மா, உங்களைப் பற்றித்தான் உயர்வாக..."

"என்னைப் பத்தி உங்களுக்கு இன்னாங்க தெரியும்? நான் எப்போ அழுதேன்? இது எல்லையில்ல. எங்க வூட்டு வேலக்கட்டையில வண்டு துன்ன கோடு. அதைப் பாத்து தச்சேன். போத்திக்க தச்சேன்."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "எந்த ஊரு வண்டும்மா? ஆந்திராவா, மதராஸா?"

மைதானம் முழுக்கச் சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மீதி மூன்று ஆணியையும் பிடுங்கி, கிழிந்த முனைகளைப் பார்த்து, பொந்தயைச் சுருட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கி நடந்தாள்.

வீட்டில் நாராயணசாமி வாசலிலேயே நின்றிருந்தான். செய்தி அவளுக்கு முன்னாலேயே வந்திருந்தது. அவன் முகத்தில் திருப்தி வழிந்தது. "நல்லா குடுத்தே. இப்போ அவன்கிட்ட சொல்லு..."

"சொல்ல மாட்டேன்." பொந்தயைத் தரையில் போட்டாள். "அவருகிட்ட இவரு, இவருகிட்ட அவரு, இனிமே ஒரு வார்த்தை என் வாயில வராது. ரெண்டு பேருக்கும் நாக்கு இருக்குது. நான் குடிபாலாவுக்குப் போறேன்."

போய்விட்டாள். பெற்ற நைனா எதுவும் கேட்கவில்லை, நல்லவேளை. அங்கே உட்கார்ந்து கிழிந்த முனைகளுக்கு ஒட்டுப் போட்டாள். இங்கே வெங்கடம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்து அடுப்பே மங்கலாகத் தெரிந்தது. அண்ணனும் தம்பியும் அடுப்படியில் முட்டிக்கொண்டார்கள். "உப்பு எங்க வச்சிருக்குது?" என்று தம்பி கேட்டதும், "மேல் பலகையில பாரு" என்று அண்ணன் சொன்னதும்தான் அந்த வீட்டில் நேராக நடந்த முதல் பேச்சு என்று செல்லியம்மா ஆள் வழியாகச் சொல்லி அனுப்பினாள்.

தாட்சாயணி திரும்பி வந்தபோது இரண்டு பேரும் நன்றாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். அதாவது, நேருக்கு நேர் நின்று, தெருவே கேட்கிற மாதிரி சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். முன்னாடியே தேவலையோ என்று நினைத்தபடி அவள் உலை வைக்கப் போனாள்.

கடைசியில் எல்லையும் முடிவாயிற்று. திருத்தணி மதராஸோடு போனது, நகரி ஆந்திராவிலேயே நின்றது. கோவர்த்தனன் திருத்தணியில் வேலை தேடிக்கொண்டு போனான். சனிக்கிழமை தவறாமல் வந்து அண்ணனோடு வாதாடிவிட்டுப் போவான். நாராயணசாமியின் மதகு அந்த வருஷமும் கட்டப்படவில்லை. அவன் யாரையும் குறை சொல்லவில்லை, எந்தக் கட்சி என்றும் பேசவில்லை. தாட்சாயணிக்கு மட்டும் ஒரு லாபம், காப்பி குறைந்தது.

அதற்கப்புறம்தான் வெங்கடம்மாவின் கண்ணைத் திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் அறுத்தார்கள். இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டு, தலையின் இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, ஆடாமல் அசையாமல் கிடக்க வேண்டும் என்றார்கள். வெங்கடம்மாவா கிடப்பாள்? கட்டைப் பிய்ப்பாள், எழுந்து உட்காரப் பார்ப்பாள். நர்சு தெலுங்கில் திட்ட, இவள் தமிழில் திட்ட, நடுவில் மறுபடியும் தாட்சாயணி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கே போனாலும் தனக்கு இந்த உத்தியோகம்தானா என்று அழாத குறை.

மத்தியானம் குளிருகிறது என்று வெங்கடம்மா முனகினாள். கொண்டுவந்திருந்தது அந்தப் பொந்ததான். போர்த்திவிட்டு, தாட்சாயணி சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். கொஞ்ச நேரமாகச் சத்தமே இல்லை என்பது உறைத்தபோதுதான் பயந்து கண்ணைத் திறந்தாள்.

மாமியார் ஆடாமல் கிடந்தாள். அவள் ஆள்காட்டி விரல் மட்டும் தையலின் மேல் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. வளைவில் திரும்பியது, வயிற்றின் மேல் ஏறி இறங்கியது, பக்கத்துக் கோட்டோடு முட்டாமல் விலகிப் போனது. மூச்சு சீராக இருந்தது. நர்சு எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

தாட்சாயணி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரல் ஓரிடத்தில் நின்றது.

"ஏண்டி, முழிச்சிக்கினு இருக்கியா?"

"சொல்லத்தை."

"இங்க ஒரு முடிச்சு துருத்திக்கினு கீது. கைக்கு உறுத்துது."

"அது ஆணி கிழிச்ச எடம். ஒட்டுப் போட்டேன்."

"ஒட்டுப் போடற லட்சணமா இது? பிரிச்சு ஒழுங்கா தையி. அந்தாண்ட கோடு எங்க போவுதுன்னு தெரியல எனக்கு."

தாட்சாயணி பெருமூச்சு விட்டாள். ஊசி இருந்தது, நூல்தான் இல்லை. எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு, கீழே தெருமுனைக் கடையில் சிவப்பு நூல் கிடைக்குமா என்று பார்க்கப் படியிறங்கினாள்.