மைக்ராஸ்கோப்பில் தெரியாத மைட்டோகாண்ட்ரியா

திண்டிவனத்தில் பயோகெமிஸ்ட்ரி பிராக்டிகல் எக்ஸாம் அன்று என் பக்கத்து டேபிளில் இருந்தவள், காணையிலிருந்து ரெண்டு பஸ் மாறி வருகிற பெண். ஒல்லிக்குச்சி. ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டுதான் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள்.

வெங்காயத் தோலைப் பார்த்து செல்லை வரைய வேண்டும். நாங்கள் யாரும் பார்க்க மாட்டோம். புத்தகத்துப் படத்தை மனப்பாடமாக வரைந்துவிடுவோம். காலேஜ் வழக்கமே அதுதான். அவள் மட்டும் செல் சுவரையும் நியூக்ளியஸையும் வரைந்துவிட்டு நிறுத்திவிட்டாள்.

“மைட்டோகாண்ட்ரியா எங்கம்மா?” என்றார் எக்ஸாமினர்.

“உள்ள இருக்குது சார். இந்த லென்ஸ்ல தெரியலிங்க.”

“சும்மா போட்டுடு, பாஸ் பண்ணிடறேன்.”

“நீங்க ஒருவாட்டி பாருங்க சார். தெரிஞ்சா போட்டுடறேன்.”

அவர் பார்க்கவில்லை. ஃபெயில் போட்டுவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் அவளைப் பிடித்தேன். “லூசா நீ? மைட்டோகாண்ட்ரியான்னு முட்டை மாதிரி ரெண்டு வரைஞ்சிருந்தா முடிஞ்சிருக்கும்ல?”

“நீங்கல்லாம் போட்டுக்கினே இருக்கறதாலதான்டா அவரும் கேட்டுக்கினே இருக்காரு.”

அரியர் எக்ஸாமுக்கு நானும் போயிருந்தேன். வைவாவில் கோட்டை விட்டவன். அதே எக்ஸாமினர். அவள் அதே படத்தைத்தான் வரைந்து நீட்டினாள். அவர் அவளையே கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்து லென்ஸில் குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை.